முதல் படத்துக்கு முந்தைய வருஷங்கள்

சினிமாக்காரர்களின் பேட்டிகளில் ஒரு வரி தவறாமல் வரும். "நல்ல வேலையில் இருந்தேன். விட்டுவிட்டு சினிமாவுக்கு வந்துட்டேன்." அடுத்த வரி, "முதல் படம் கிடைக்க ஏழெட்டு வருஷம் ஆச்சு." பேட்டி எடுப்பவர் நெகிழ்ந்துபோய் நேராக முதல் நாள் படப்பிடிப்புக்குத் தாவிவிடுவார். அந்த ஏழெட்டு வருஷமும் வாடகையை யார் கொடுத்தார்கள் என்று கேட்கமாட்டார். அண்ணன் கொடுத்திருக்கலாம். மனைவியின் சம்பளத்தில் வீடு ஓடியிருக்கலாம். பெயர் போடாமல் வேறு யாருக்கோ வசனம் எழுதிப் பிழைத்திருக்கலாம். கதையின் முக்கியமான ரீலை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத்தான் நமக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

படம், எழுத்து, இசை வீடியோ என்று கனவோடு வருகிற இளைஞர்கள் கேட்கும் கேள்விகளும் அந்தப் பேட்டிகளைப் பார்த்து வளர்ந்தவையாகவே இருக்கின்றன. யாரைப் பார்க்கணும்? எந்த கேமரா வாங்கணும்? படிக்கணுமா, உதவி இயக்குநரா சேரணுமா? எல்லாமே வாசலைப் பற்றிய கேள்விகள். வாசலுக்கு முன்னாலும், இரண்டு படங்களுக்கு நடுவிலும் நீண்டு கிடக்கிற வருஷங்களை என்ன செய்வது என்று கேட்பவர் அபூர்வம். என்னைக் கேட்டால், இந்தத் தொழில் என்பதே அந்த வருஷங்கள்தான். படம் அதற்குள் எப்போதாவது நடக்கிற ஒரு விசேஷம்.

மூன்று துறைகளுக்கும் வேகம் வேறு வேறு. படம் வருஷக்கணக்கில் நகரும். நடிகரின் தேதி, தயாரிப்பாளரின் மனநிலை, வட்டிக்கு வாங்கிய பணம் என்று நம் கையில் இல்லாத பத்து விஷயங்கள் ஒத்துவர வேண்டும். இசை வீடியோ வாரக்கணக்கு. பாட்டு கைக்கு வந்து, ஒரு நாளோ இரண்டு நாளோ எடுத்து, எடிட்டும் கலரும் முடித்தால் வெளியே வந்துவிடும். எழுத்து தினக்கணக்கு. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். இந்த மூன்றில் படத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் "அதெல்லாம் சைடு வேலை" என்று ஒதுக்குகிறவர்கள்தான் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். ஒரே பவுண்டட் ஸ்கிரிப்டை, அதாவது முழுசாக எழுதிக் கட்டிய திரைக்கதையை, வைத்துக்கொண்டு அஞ்சு வருஷம் தயாரிப்பாளர்களிடம் நரேஷன் (கதை) சொல்லி அலைகிறவர், கடைசியில் நரேஷனில் தேர்ந்துவிடுவார். இடையில் பல நாற்காலிகளுக்கு எதிரே நடித்துக் காட்டியிருப்பார். ஒரு ஷாட்கூட எடுத்திருக்கமாட்டார்.

வங்காள இயக்குநர் சத்யஜித் ராயைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மனைவியின் நகையை அடகு வைத்த கதையைச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பாதிக் கதை. அவர் 1943ல் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தார். 1952ல் தன் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி' படப்பிடிப்பைத் தொடங்கியபோதும் அந்த வேலையில்தான் இருந்தார். விடுமுறை நாட்களில் படம் எடுத்தார். பணம் தீர்ந்து படம் மாதக்கணக்கில் நின்றபோது சம்பளம் நிற்கவில்லை. படம் 1955ல் வெளிவந்தது. அதைவிட எனக்குப் பிடித்த விவரம் ஒன்று உண்டு. அந்தப் படத்துக்கு மூலமான நாவலின் சிறுவர் சுருக்கப் பதிப்புக்கு 1940களில் படம் வரைந்து கொடுத்தவர் அவர்தான். பிழைப்புக்காகச் செய்த அந்தச் சித்திரங்கள்தான் பின்னால் திரையில் காட்சிகளாக எழுந்தன. சைடு வேலை என்று நாம் சொல்கிறோமே, அதுதான் அங்கே மூலக்கதை.

உலகப் புகழ் வந்த பிறகும் அவர் எழுத்தை விடவில்லை. தாத்தா தொடங்கிய 'சந்தேஷ்' சிறுவர் பத்திரிகையை 1961ல் மீண்டும் கொண்டுவந்தார். அதில் எழுதத் தொடங்கிய கதைகள்தான் துப்பறியும் ஃபெலுடாவாகவும் விஞ்ஞானி பேராசிரியர் ஷோங்குவாகவும் வளர்ந்தன. அந்தப் புத்தகங்களின் வருமானம் அவருடைய குடும்பத்துக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது. அதனால்தான் பிடிக்காத படத்தை வேண்டாம் என்று சொல்ல முடிந்தது என்று நான் நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல்வதற்கும் கையில் காசு வேண்டும் சார். கொள்கை மட்டும் போதாது.

நம் சுஜாதாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மின்னணு வாக்கு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் முக்கியப் பங்கு அவருக்கு. அந்த வேலையில் இருந்துகொண்டேதான் தொடர்கதை, நாடகம், திரைக்கதை எல்லாம். வேலை அவருடைய எழுத்தைத் தின்றுவிடவில்லை, தீனி போட்டது.

அதற்காக எந்த வேலையும் சரி என்று சொல்லமாட்டேன். பகலெல்லாம் விளம்பர வாசகம் எழுதுகிறவருக்கு ராத்திரி சொந்தக் கதைக்கு வார்த்தை மிஞ்சாமல் போகலாம். பகலெல்லாம் பிறருடைய வீடியோவை எடிட் செய்கிறவருக்கு வீட்டில் திரையைப் பார்த்தாலே கண் எரியும். வேலை முடியும்போது நம்மில் எது களைத்திருக்கிறது, எது மிச்சமிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கை களைத்து மண்டை விழித்திருந்தால் எழுதலாம். மண்டை களைத்துப்போனால் சம்பளம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த வேலை இந்தக் கனவுக்கு ஆகாது.

இப்போது இசை வீடியோ. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் விசிட்டிங் கார்டு என்று நினைக்கிறார்கள். "ஒரு ஆல்பம் பாட்டு பண்ணிக் காட்டுடா, படம் கிடைக்கும்." படம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் அது கற்றுக்கொடுக்கிற பாடம் வேறு எங்கேயும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

முதலில், படத்தில் காட்சிக்குத் தக்கபடி பின்னணி இசை வரும். இங்கே தலைகீழ். ஒலி முழுசாக முடிந்து கைக்கு வந்துவிடுகிறது. நாலு நிமிஷம் என்றால் நாலு நிமிஷம். "இந்த ஷாட் அழகா இருக்கு, இன்னும் ரெண்டு செகண்ட் ஓடட்டும்" என்ற பேச்சுக்கு இடமில்லை. பிறகு பல்லவி. அதே வரி மூன்று முறை திரும்பி வரும். மூன்று முறையும் அதே ஆட்டத்தைக் காட்டினால் பார்ப்பவர் இரண்டாவது முறையிலேயே போய்விடுவார். முதல் முறை ஆசையாக ஒலித்த வரி மூன்றாவது முறை இழப்பாகத் தெரிய வேண்டும், வார்த்தை ஒன்றுகூட மாறாமல். நடுவில் என்ன நடந்தால் அது மாறும் என்று யோசிக்கிறோமே, அதுதான் திரைக்கதை. இதைப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்துப் புரியவைக்க முடியுமா என்று தெரியவில்லை. மூன்று பாட்டு எடுத்தால் தானாகப் புரியும்.

தொழில்நுட்பமும் அப்படித்தான். பாடகர் மிதப்பதுபோல மெதுவாக நடந்து வர வேண்டும், உதடு மட்டும் பாட்டோடு பொருந்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, விநாடிக்கு 48 பிரேமில் எடுக்க வேண்டும். அந்த அசுர வேகத்துக்குப் பாடகர் வாயசைத்தாக வேண்டும். செட்டில் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். அதை 24 பிரேமில் ஓட்டினால் உடம்பு மிதக்கும், உதடு சொல்லோடு சரியாக உட்காரும். படக்குழுவுக்கு முன்னால் ஒரு தடவை இதைச் சொதப்பாமல் நடத்திக் காட்டிய பையனுக்கு அப்புறம் செட்டில் குரல் நடுங்காது.

பிரெஞ்சு இயக்குநர் மிஷேல் கோந்த்ரி அடிப்படையில் டிரம்மர். தன் சொந்தக் குழுவின் பாட்டுகளுக்குத் தானே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்றைப் பார்த்த பாடகி பியோர்க் அவரைக் கூப்பிட்டு 1993ல் தன் பாட்டை ஒப்படைத்தார். திரைக்கதையாசிரியர் சார்லி காஃப்மனோடு சேர்ந்து கோந்த்ரி படம் எடுத்ததெல்லாம் 2000க்குப் பிறகு. இருவரும் பியர் பிஸ்முத் என்ற கலைஞரோடு சேர்ந்து கதை அமைத்த 2004ஆம் ஆண்டுப் படத்துக்குத் திரைக்கதைக்கான ஆஸ்கர் கிடைத்தது. டிரம்மருக்கு எழுத்துக்காக ஆஸ்கர்.

அமெரிக்க இயக்குநர் டேவிட் ஃபின்ச்சர் கதை வேறு வகை. வீடியோவும் விளம்பரமும் எடுத்து நல்ல பெயர் வாங்கி, 1992ல் முதல் படத்தை வெளியிட்டார். ஸ்டுடியோவின் தலையீட்டில் நொந்துபோய், இன்றுவரை அதைத் தன் படமென்று சொல்லிக்கொள்ளப் பிரியப்படாத அளவுக்கு அனுபவம் மோசம். முதல் படத்திலேயே அப்படி அடிபட்டவர்கள் பலர் அத்தோடு காணாமல் போயிருக்கிறார்கள். அவருக்குத் திரும்பிப் போக இடம் இருந்தது. மறுபடி வீடியோவும் விளம்பரமும் எடுத்தார். 1995ல் இரண்டாவது படம் வந்தது, அதுதான் அவரை நிலைநிறுத்தியது. இந்த இடைப்பட்ட மூன்று வருஷங்கள்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிற விஷயம்.

இசை வீடியோவில் ஆபத்தும் இருக்கிறது. மூட்டம், மழை, ஸ்லோ மோஷன், பின்னால் விளக்கு என்று அழகான ஷோரீல், அதாவது செய்த வேலைகளின் மாதிரித் தொகுப்பு, ஒன்று சேர்ந்துவிடும். ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற ஒரு சாதாரணக் காட்சியைக் கொடுத்தால் கை நடுங்கும். யார் முகத்தில் எப்போது வெட்ட வேண்டும், யார் எதை மறைக்கிறார் என்பதெல்லாம் பாட்டு சொல்லித்தராது. அதைச் சொல்லித்தருவது எழுத்து. சிறுகதை எழுதுங்கள். பத்திரிகைக்கு அனுப்புங்கள், திரும்பி வந்தால் இன்னொன்றுக்கு அனுப்புங்கள். படமாக எடுக்க முடியாத கதையாக இருந்தாலும் பரவாயில்லை. மனிதர்கள் எப்படிப் பொய் சொல்கிறார்கள் என்று காது பழகும்.

எழுத்தின் இன்னொரு பலன், அது உங்களுடையது. இசை வீடியோ எடுத்தவருக்கு பாட்டின் மேல் எந்த உரிமையும் கிடையாது. பாட்டிலேயே இரண்டு உரிமை இருக்கிறது, மெட்டுக்கும் வரிகளுக்கும் ஒன்று, பதிவு செய்த ஒலிக்கு ஒன்று. பெரும்பாலும் வேறு வேறு ஆட்களிடம் இருக்கும். இயக்குநர் பெரும்பாலும் கூலி வாங்கிப் போகிறவர்தான். எழுத்து அப்படி இல்லை. 1886ல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இன்று உலகத்தின் பெரும்பாலான நாடுகள் இருக்கின்றன. அதன்படி எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்யாவிட்டாலும். ஆனால் ஒன்று, உரிமை எழுதிய வடிவத்துக்குத்தான், கருவுக்கு இல்லை. ஒன்லைனை, அதாவது கதையின் கருவை ஒரே வரியில், ஊரெல்லாம் சொல்லிவிட்டு "என் கதையைத் திருடிட்டாங்க" என்று புலம்புவதில் பயன் இல்லை. சொல்வதற்கு முன் எழுதிவிடுங்கள். எழுதியது எப்போது எழுதப்பட்டது என்று காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. அதற்குத்தான் எழுத்தாளர் சங்கங்கள் கதையைப் பதிவு செய்து வைக்கின்றன.

முழுசாக ஒன்றில் இறங்கினால்தான் ஜெயிக்க முடியும், மூன்றில் கால் வைத்தால் எதிலும் நிற்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். நா. முத்துக்குமார் இயக்குநராக வேண்டும் என்று வந்து பாலு மகேந்திராவிடம் உதவி இயக்குநராக இருந்தவர். பாட்டு எழுதி தேசிய விருதை இரண்டு முறை வாங்கினார். அவர் கால் மாற்றி வைத்தார் என்று சொல்வீர்களா? காட்சியாக யோசிக்கப் பழகிய ஒருவர் வரிகளை எழுதினார் என்றுதான் நான் சொல்வேன். எந்தக் கதவு முதலில் திறக்கும் என்று நாம் தீர்மானிப்பதில்லை. ஒரே கதவை மட்டும் தட்டிக்கொண்டு நிற்பதை விரதம்போல நினைப்பது வீம்பு.

கடைசியாகப் பெயர் விஷயம். இசை வீடியோக்களுக்கென்றே வந்த அமெரிக்கச் சேனல் எம்டிவி 1981ல் தொடங்கியது. திரையில் பாடகர், பாட்டு, நிறுவனம் எல்லாம் போட்டார்கள், இயக்குநர் பெயரை வழக்கமாகப் போட ஆரம்பித்தது 1992ன் இறுதியில்தான். பதினோரு வருஷம், அந்த ஊடகத்தின் பொற்காலத்தில் பாதி, எடுத்தவர் யாரென்று பார்ப்பவருக்குத் தெரியாது. இன்றைக்கு யூடியூபில் வீடியோவுக்குக் கீழே நீளமாகப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, அதைத் திறந்து பார்ப்பவர் யார் என்பது வேறு விஷயம். ஆனால் அடுத்த வாய்ப்பைத் தரப்போகிறவர் திறந்து பார்ப்பார். உங்கள் பெயர் இல்லை என்றால் நீங்கள் அந்த வேலையைச் செய்யவே இல்லை என்றுதான் அர்த்தம்.

அதனால் ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். பெயர் எங்கே வரும், எந்தப் பொறுப்பில் வரும், பணம் எத்தனை தவணை, அட்வான்ஸ் எவ்வளவு, எடிட்டில் எத்தனை முறை மாற்றம் கேட்கலாம், என் ஷோரீலில் இதைப் போட்டுக்கொள்ளலாமா. நண்பனிடம் இதெல்லாம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். முழு ஒப்பந்தம் போட முடியாவிட்டால், பேசி முடித்த அன்றே "இன்னிக்கு நாம பேசினது இதுதான்" என்று நாலு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். எதிர்த்தரப்பிலிருந்து "சரி" என்று பதில் வந்த பிறகு லொகேஷன் பார்க்கக் கிளம்பலாம்.