"பக்கத்துலதான், அரை மணி நேரம்தான்"னு கூட்டிட்டுப் போறவங்களே!

மறுபடியும் ஆரம்பிச்சாச்சு. குளிர் விட்டு வெயில் எட்டிப் பார்த்ததும், விருந்துக்கு வந்த சொந்தக்காரங்க அத்தனை பேரையும் "சும்மா ஒரு நடை, அரை மணி நேரத்துல திரும்பிடலாம்"னு வயல்வெளிக்கு இழுத்துட்டுப் போற ஆள் எல்லாக் குடும்பத்துலயும் ஒருத்தர் இருக்காரு. அவர் வாயிலேர்ந்து உண்மையான நேரம் ஒருநாளும் வராது.

நெய்ஸ்மித்ங்கற ஸ்காட்லாந்து மலையேறி 1892-லயே கணக்கு சொல்லிட்டாரு: மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதுவும் திடமான ஆளுங்க நிக்காம நடந்தா! நாலு வயசுக் குழந்தையும் முட்டி வலிக்கற பெரியம்மாவும் இருக்கற கூட்டம் மணிக்கு 2 கிலோமீட்டர் போனாலே பெரிசு. 5 கிலோமீட்டர் சுத்துப் பாதைன்னா ரெண்டரை மணி நேரம். தண்ணி குடிக்க, மூச்சு வாங்க, குழந்தை ஒவ்வொரு குச்சியா பொறுக்க ஆகற நேரம் தனி. இதை வீட்டு வாசல்லயே சொன்னா பெரியம்மா நிம்மதியா வீட்ல உக்காந்திருப்பாங்க இல்ல?

சொல்லமாட்டாரு. பாதி வழியில வந்துதான் எல்லாம் தெரியும். வானம் தெளிவா இருந்தாலும் குளிர்காலத்து ஈரம் மண்ணுக்குள்ளயே இருக்கும். மரநிழல்லயும் வயல் வேலிக் கதவுப் பக்கமும் கணுக்கால் வரைக்கும் சேறு. புது ஷூ போட்ட பொண்ணுக்குக் குதிகால் சூடா உறுத்த ஆரம்பிக்கும். அந்த நிமிஷமே நிக்கணும்! சாக்ஸைக் கழட்டி, காலைத் துடைச்சுக் காயவிட்டு, சுருக்கமில்லாம டேப் ஒட்டணும். ஈரமும் உராய்வும் சேர்ந்தா கொப்புளம் நிச்சயம். ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அவர் என்ன சொல்வாரு? "இதோ வந்துடுச்சு, நடம்மா." எது வந்துடுச்சு? கொப்புளம்தான் வந்துச்சு! திருப்பத்துல "இதோ", மேட்டுல "இதோ", வழி தப்பித் திரும்பி வரும்போதும் அதே "இதோ".

அடுத்து கன்னுக்குட்டி. "பக்கத்துல போய் நில்லு, போட்டோ எடுக்கறேன்." ஐயா, கன்னு ஈன்ற மாடு அது! தாய்க்கும் கன்னுக்கும் நடுவுல குழந்தையை அனுப்பலாமா? நாய் கூட வந்தா கயிறைச் சுருக்கிப் பிடிக்கணும். மாடு துரத்தினா கயிறை விட்டுடணும், நாய் ஓடித் தப்பிச்சுக்கும். வேலிக் கதவு மூடியிருந்தா மூடிட்டு வாங்க, திறந்திருந்தா அப்படியே விடுங்க. இவ்வளவுதான் விதி.

வீடு திரும்பினா முழங்கால் மடிப்புல உண்ணி. உடனே ஒரு மாமா எண்ணெய் ஊத்தச் சொல்வாரு, இன்னொருத்தர் தீக்குச்சி எடுப்பாரு. ரெண்டும் தப்பு! நுனி கூர்மையான சாமணத்தால தோலோட ஒட்டிப் பிடிச்சு, திருகாம, நேரா மேல இழுங்க. அப்புறம் கழுவுங்க. அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்னாடி, தலைமுடி எல்லாம் பாருங்க.

இன்னொண்ணும் சொல்லணும். நடக்கும்போது போன் ஸ்பீக்கர்ல பாட்டு வைக்கறவங்களே, பறவைங்க கூடு கட்டற காலம் இது. அதுங்க கூவறது இடம் பிடிக்கவும் ஜோடி சேரவும். உங்க பாட்டு வேணும்னா காதுல மாட்டிக்குங்க!