எதிர்பார்ப்பைத் திருத்திச் சொல்வதே பரிந்துரை

சினிமா ஆர்வலர்களிடம் அதிகம் கவனிக்கப்படாத நல்ல படம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால், 'அன்பே சிவம்' என்றோ 'ஷாஷாங்க் ரிடம்ப்ஷன்' என்றோதான் பெரும்பாலும் பதில் வருகிறது. வெளியானபோது இரண்டுமே வசூலில் தடுமாறியவை என்பது உண்மைதான். ஆனால் இன்று அவற்றைக் கொண்டாடாத ஆளில்லை என்னும்போது, இன்னமும் அந்தப் பட்டியலில் வைத்திருப்பது வெறும் பழக்கதோஷம்.

நல்ல படங்கள் பல தோற்றதற்குக் காரணம் அவற்றின் தரமல்ல, பார்வையாளர்கள் வேறொன்றை எதிர்பார்த்து வந்து உட்கார்ந்ததே என்பது என் எண்ணம். ஆகவே, பரிந்துரைப்பவர் "காவியம்", "தவறவிடவே கூடாது" என்றெல்லாம் ஏற்றிவிடுவதைவிட, எந்த மனநிலையில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவது மேல்.

வில்லியம் ஃபிரெட்கின் 1977இல் எடுத்த 'சார்சரர்' இதற்குத் தக்க சான்று. 'எக்ஸார்சிஸ்ட்' என்ற பேய்ப்படத்தின் இயக்குநர் எடுத்த படம், தலைப்பிலும் மந்திரவாதி. பேயைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்ததோ, கசியும் வெடிமருந்தை இரண்டு லாரிகளில் ஏற்றிக்கொண்டு காட்டு வழியே போகும் நான்கு பேரின் கதை. போதாக்குறைக்கு, சில வாரங்கள் முன்புதான் 'ஸ்டார் வார்ஸ்' வெளியாகியிருந்தது. அந்த நால்வரும் யார் யார் என்று வெவ்வேறு ஊர்களில் சொல்லிவரும் தொடக்கப் பகுதி ஒன்றோடொன்று ஒட்டாததுபோல் தோன்றும். அங்கே பொறுமை தேவை. பொறுத்தவர்களுக்கு அந்தத் தொங்குபாலக் காட்சி காத்திருக்கிறது: கொட்டும் மழையில் ஒருவர் முன்னே தடுமாறி நடந்து வழிகாட்ட, பலகைகள் முறிய, சுழித்தோடும் ஆற்றின் மேல் லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நகரும். கணினி வரைகலை இல்லாத காலத்தில் உண்மையான லாரியை வைத்தே எடுத்தது என்பது பார்க்கும்போதே உறைக்கும். இது ஒரு நாவலைத் தழுவியது; அதே நாவலிலிருந்து 1953இல் பிரெஞ்சில் வந்த படமே அதிகப் புகழ்பெற்றது. இருந்தும் என் ஓட்டு 'சார்சரர்' படத்துக்குத்தான்.

தமிழில், மணிகண்டனின் 'குற்றமே தண்டனை' (2016). அவருடைய முந்தைய படமான 'காக்கா முட்டை'யின் இதமான நகைச்சுவையை எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றமாகவே இருந்திருக்கும். பார்வைப் புலம் குறுகிக்கொண்டே வரும் ஒருவன், பக்கத்தில் நடந்த கொலையைக் கண்டுவிட்டு, தன் கண் சிகிச்சைக்குப் பணம் திரட்ட அதையே துருப்புச்சீட்டாக்குகிறான். கொலையாளி யார் என்ற புதிரைவிட, கொலையைப் பார்த்தவனுடைய மனசாட்சி எவ்வளவு தூரம் வளையும் என்பதில்தான் படத்துக்கு அக்கறை. பாடல்கள் இல்லை; இளையராஜாவின் பின்னணி இசை மட்டுமே.

மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) ஆர்வலர்கள் பலருக்குத் தெரிந்ததே என்பதால் அதிகம் சொல்லப்போவதில்லை. ஒரே இரவில் நடக்கும் துரத்தலாக எண்ணி உட்கார்ந்தால் போதும்.

ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்பவர்கள், ஒன்றரை மணிநேரச் சொச்சத்தில் முடிந்துவிடும் 'குற்றமே தண்டனை'யைப் பாருங்கள். பார்க்கும்வரை அதன் விமர்சனம் எதையும் படிக்காதீர்கள். பெரும்பாலானவை முடிவைச் சொல்லிவிடுகின்றன.