தங்கிவிட்டவர் எல்லாம் தோற்றவரா?
சிறு கல்லூரிப் பயிற்சியாளர் வேலை பெரிய பல்கலைக்கழகத்துக்கு ஏறும் படிதான், அங்கேயே தங்குபவர் வாய்ப்பு கிடைக்காதவர் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1941-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கறுப்பின மாணவர்களுக்கான கிராம்ப்ளிங் கல்லூரிக்குப் பயிற்சியாளராக வந்த கறுப்பினத்தவரான எடி ராபின்சனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதற்கு முன்பு தீவன மில்லில் கூலி வேலை. கல்லூரியில் சம்பளத்துக்கு ஓர் உதவியாளர்கூடக் கிடையாது. மைதானத்துப் புல்லைத் தானே வெட்டினார், வெளியூர் ஆட்டம் என்றால் பையன்களுக்கு சாண்ட்விச்சும் தானே செய்தார். வழியில் இருந்த வெள்ளையர் ஓட்டல்களில் அவர்களுக்குச் சாப்பாடு போட மாட்டார்களே. முதல் வருடம் ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, அமெரிக்க ஆட்டம்) 3 வெற்றி, 5 தோல்வி. அடுத்த வருடம் 9 ஆட்டமும் வெற்றி, எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூட விடவில்லை! அங்கேயே இருந்து 1997-இல் ஓய்வு பெறும்போது மொத்தம் 408 வெற்றிகள். ராபின்சன் சேர்ந்த காலத்தில் அந்தக் கல்லூரியின் பேஸ்பால் பயிற்சியாளர் யார் தெரியுமா? கல்லூரித் தலைவர் ரால்ஃப் ஜோன்ஸேதான். அவருக்கு அது எங்கே ஏறும் படி? அப்புறம், திறமை இருந்தால் பெரிய இடம் கூப்பிட்டிருக்குமே என்று கட்டுரையைப் படித்த ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் தெற்கத்திப் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களையே சேர்த்துக்கொள்ளவில்லை; பயிற்சியாளரை எங்கே கூப்பிடுவது?