இடுப்பு மூட்டு மாற்றினால் மூன்று மாதம் படுக்கையா?

"இடுப்பு மூட்டு மாற்றினால் மூன்று மாதம் படுத்த படுக்கை, பத்தே ஆண்டில் மூட்டு தேய்ந்துவிடும்." கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தக் குரல் பதிவு சொல்லும் இரண்டுமே தவறு.

அறுவை நடந்த அன்றோ மறுநாளோ பெரும்பாலோரை வாக்கர் பிடித்து நடக்க வைத்துவிடுகிறார்கள். அசையாமல் கிடப்பதுதான் ஆபத்து: கால் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்து, அந்தக் கட்டி நுரையீரல்வரை போகலாம். ஆயுளைப் பொறுத்தவரை, 2019இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி பாதிக்கும் மேற்பட்ட செயற்கை மூட்டுகள் 25 ஆண்டுகள் தாங்குகின்றன.

உண்மையான சிரமத்தைப் பதிவு தொடவே இல்லை. தொடக்க வாரங்களில் பொதுவாகச் சம்மணமும் கூடாது, அரிவாள்மனை முன் குந்துவதும் கூடாது. நம் வீடுகளில் அதுதான் பெரும்பாடு! நோயாளி வீடு திரும்புமுன்பே கழிப்பறையில் உயரமான இருக்கையைப் பொருத்திவிடுங்கள். எதுவரை இந்தக் கட்டுப்பாடு என்பதை அறுவை செய்த மருத்துவரிடமே கேளுங்கள்.