முக வடிவத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முடியைப் பாருங்கள்

வட்ட முகமா, குட்டையாக வெட்டாதீர்கள். சதுர முகமா, தாடையை மறையுங்கள். நீள முகமா, நெற்றியை மூடுங்கள். முகத்துக்கு ஏற்ற ஹேர்ஸ்டைல் என்று தேடினால் இப்படித்தான் வந்து குவிகிறது. படிக்கப் படிக்க எனக்குக் கோபம் வருகிறது. எல்லா முகத்திலும் ஏதோ ஒரு குறை இருக்கிறது, அதை முடியால் மூடி முட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் இந்த அட்டவணைகளின் அடிப்படை. எனக்கு அந்த அடிப்படையிலேயே உடன்பாடில்லை.

தெரிந்த கல்லூரிப் பெண் ஒருத்தி இரண்டு உள்ளங்கைகளாலும் கன்னத்தை மறைத்துக்கொண்டு, "அக்கா, எனக்கு வட்ட முகம். குட்டையா வெட்டினா நல்லா இருக்காதுல்ல?" என்று கேட்டாள். இந்த வயதில் அவளுக்கு இந்தப் பயத்தை யார் கொடுத்தார்கள்? உன் முகத்தில் உனக்குப் பிடித்தது எது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கண்ணு" என்றாள். சரி, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முக வடிவத்தைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு விஷயம் புரிந்தால் போதும், அட்டவணையே தேவைப்படாது. முடியின் நுனி எந்த மட்டத்தில் நிற்கிறதோ, எந்த இடத்தில் அது அடர்ந்து விரிகிறதோ, பார்வை அங்கே போய் நிற்கும். தாடை மட்டத்தில் நேராக நிற்கும் பாப் கட் தாடையைத்தான் எடுத்துக் காட்டும். அடுக்கடுக்காக வெட்டும் லேயர் கன்ன எலும்புக்குப் பக்கத்தில் தொடங்கினால் கன்னம் எடுப்பாகத் தெரியும். உச்சியில் உயரம் கொடுத்தால் முகம் நீண்டது போலிருக்கும், காதோரம் அடர்த்தி விட்டால் அகலமாகத் தெரியும். ஆண்களுக்கும் இதே கணக்குதான். பக்கங்களை ஒட்ட வெட்டி மேலே உயரமாக விடுவது வட்ட முகத்தை நீட்டிக் காட்டும்; ஏற்கெனவே நீளமான முகத்தில் அதைச் செய்தால் இன்னும் நீளும்.

ஆக, எதை மறைப்பது என்று கேட்பதை விட்டுவிட்டு, எதைக் காட்டுவது என்று கேளுங்கள். சதுரத் தாடை உங்களுக்குப் பிடிக்குமா? தாராளமாக அந்த மட்டத்திலேயே வெட்டுங்கள். கண்ணைச் சொன்ன அந்தப் பெண்ணுக்கு, கண்ணோரம் வந்து விழும்படி ஒரு பக்கமாகச் சாய்த்து வெட்டிய ஃப்ரிஞ்சும் (நெற்றியில் விழும் முன்முடி) குட்டை முடியும் நன்றாகவே பொருந்தும்.

லண்டனில் விடால் சஸூன் என்ற முடி திருத்தும் கலைஞர் 1960களில் காட்டியதும் இதைத்தான். ரோலர் சுற்றி, ஸ்ப்ரே அடித்து முடியை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. அவர் முகத்தின் எலும்பமைப்பைப் பார்த்து, முடி தானாக விழும் விதத்தை வைத்து வெட்டினார். 1963இல் நடிகை நான்சி க்வானின் நீள முடியை அவர் பாப் கட்டாக வெட்டியது பெரிய பேச்சானது. தலையை உலுக்கினாலும் முடி மறுபடி தன் இடத்துக்கே வந்து விழ வேண்டும் என்பதுதான் அவர் பாணி.

தானாக விழும் விதம் என்றேனே, அதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. தலைக்குக் குளித்ததும் முன்முடியை நெற்றியின் மேல் நேராகச் சீவிவிட்டு, கை வைக்காமல் காய விடுங்கள். நெற்றியோரத்தில் சுழி இருந்தால் காயக் காய அந்த இடத்தில் முடி பிளந்து ஒரு பக்கமாக எழும்பும். அப்படி எழும்பும் முடியில் நேர் ஃப்ரிஞ்ச் வெட்டினால் தினமும் காலையில் அதோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். சுருள் முடிக்காரர்கள் ஈரத்தில் ஒரு சுருளை இழுத்துப் பிடித்து அது எங்கே வருகிறது என்று பாருங்கள். காய்ந்த பிறகு அதே சுருள் எவ்வளவு மேலே ஏறி நிற்கிறது என்று பாருங்கள். ஈரத்தில் தோளைத் தொட்டது காய்ந்ததும் தாடையில் நிற்கலாம். அப்படியானால் பார்வை நிற்கும் இடமும் மாறிவிடும். அதனால்தான் சுருள் முடியைக் காய்ந்த நிலையில் வெட்டச் சொல்கிறார்கள். மெல்லிய முடியாக இருந்தால் லேயர் அதிகம் வேண்டாம், நுனி இன்னும் மெலிந்துவிடும்.

இன்னொன்று, செல்ஃபியை வைத்து முக வடிவத்தை முடிவு செய்யாதீர்கள். ஒரு அடி தூரத்தில் எடுத்த படத்தில், ஐந்தடி தூரத்தில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. மூக்கு அப்படி என்றால் முகத்தின் மற்ற அளவுகளும் அந்தப் படத்தில் சரியாக இருக்காது. வேறு யாரையாவது ஐந்தடி தள்ளி நின்று, நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் எடுக்கச் சொல்லுங்கள். வகிட்டை எந்தப் பக்கம் எடுப்பது என்பதையும் அந்தப் படத்தில் பார்த்தே முடிவு செய்யலாம். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும் முகத்துக்கு நாம் பழகிவிட்டோம், மற்றவர்கள் பார்ப்பது அதுவல்ல.

அப்புறம், முடி வெட்டுபவரிடம் "என் முகத்துக்கு எது பொருந்தும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்காராதீர்கள். எந்த இடம் எடுப்பாகத் தெரிய வேண்டும், காலையில் முடிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும், கட்டிக்கொள்ளும் நீளம் வேண்டுமா என்று சொல்லுங்கள். படம் காட்டுவதாக இருந்தால் உங்களுடையதைப் போன்ற முடி உள்ளவரின் படமாகக் காட்டுங்கள். ஃப்ரிஞ்ச் வெட்டச் சொன்னால் முதலில் மூக்கு மட்டத்தில் நிறுத்தி, காய்ந்த பிறகு பார்த்துவிட்டு மேலே போகச் சொல்லுங்கள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். புருவத்தில் வெட்டியது தாடைக்கு வர ஒரு வருடம் போல ஆகிவிடும்.