கராச்சியைத் தாக்கியது விக்ராந்த் அன்று

“1971 போரில் கராச்சித் துறைமுகத்தை எரித்தது விக்ராந்த்” என்று கடலூர் முதுநகர் வாட்ஸ்அப் குழுக்களில் படத்துடன் சுற்றும் செய்தி தவறானது. கராச்சியைத் தாக்கியவை டிசம்பர் 4, 8 ஆகிய இரவுகளில் சென்ற இந்தியக் கடற்படையின் ஏவுகணைப் படகுகள். இந்திய விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் அப்போது அரபிக் கடலிலேயே இல்லை. கொதிகலன் ஒன்றில் விரிசல் கண்டு முழு வேகத்தில் செல்ல இயலாதிருந்த அக்கப்பல், கடலூர் பார்த்திருக்கும் இதே வங்கக் கடலில் நின்று, டிசம்பர் 4 முதல் தன் சீ ஹாக், அலிசே விமானங்களால் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கி, கிழக்குப் பாகிஸ்தானின் கடல்வழியை அடைத்தது. அதற்கு இரவல் பெருமை தேவையில்லை. பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியை அது மூழ்கடித்தது என்பதும் பிழை: விசாகப்பட்டினம் அருகே காஸி அழிந்தபோது விக்ராந்த் அந்தமான் பக்கம் இருந்தது. பகிரப்படும் படமோ 2022இல் கொச்சியில் கடற்படையில் சேர்ந்த புதிய விக்ராந்தினுடையது. பழைய கப்பல் 1997இலேயே பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது.