கேஸ் போடும் முன் எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஏமாற்றிய நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் "நியாயம் என் பக்கம்தானே?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நியாயம் இருக்கட்டும். ஜெயித்தால் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும்? அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

தோற்ற நிறுவனம் தானாகத் தராவிட்டால், தீர்ப்பை நிறைவேற்றத் தனியாக மனுப் போட்டு, வங்கிக் கணக்கையோ சொத்தையோ ஜப்தி செய்யவேண்டும். ஜப்தி செய்ய ஏதாவது இருக்கவேண்டுமே! விளம்பரத்தில் ஒரு பெயர், பில்லில் இன்னொரு பெயர், பணம் போனது மூன்றாவது கணக்குக்கு. ஏமாற்றுகிற நிறுவனங்கள் பலவும் இந்த இடைவெளியில்தான் தப்பிக்கின்றன. பெயரைத் தப்பாகப் போட்டு வழக்குத் தொடுத்தால் அதைத் திருத்தவே மாதங்கள் போய்விடும். பில், ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றிலும் உள்ள பெயர்களை அரசின் நிறுவனப் பதிவேட்டில் தேடுங்கள். பதிவு எண், பதிவு அலுவலக முகவரி, இயக்குநர்கள், பல நாடுகளில் சொத்தின் மேலுள்ள கடன் விவரமும் கிடைக்கும். வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள (லிமிடெட்) நிறுவனம் என்றால் இயக்குநரின் சொந்த வீட்டில் பொதுவாகக் கைவைக்க முடியாது. தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்திருக்கவேண்டும், அல்லது அவரே மோசடி செய்ததாக நிரூபிக்கவேண்டும்.

திவால் நடவடிக்கை நடக்கிறதா என்றும் பாருங்கள். இந்தியாவில் திவால் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி தடைக்காலம் அமலுக்கு வந்துவிட்டால் புது வழக்கும் போடமுடியாது, நடப்பதும் நின்றுவிடும். அப்போது திவால் நடவடிக்கையை நடத்த நியமிக்கப்பட்ட தீர்வு நிபுணரிடம் கெடுவுக்குள் உரிமை கோரவேண்டும். இது தெரியாமல் வக்கீல் ஃபீஸ் கட்டி ஏமாறுகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

அடுத்து காலவரம்பு. "பேசிக்கொண்டிருக்கிறோம், அடுத்த வாரம் தருகிறோம்" என்று இழுப்பதற்குக் காரணமே இதுதான். நீங்கள் மெயில் அனுப்பிக்கொண்டே இருப்பதால் கெடு நிற்காது. இந்தியாவில் நுகர்வோர் புகாருக்கு 2 ஆண்டு. சிங்கப்பூரின் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்திலும் 2 ஆண்டுதான். இங்கிலாந்தில் ஒப்பந்த மீறலுக்கு 6 ஆண்டு. கார்டில் கட்டியிருந்தால் வழக்கை விட வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்பது வேகமானது. ஆனால் பல வகைப் புகார்களுக்கு அதன் கெடு 120 நாள் அளவுதான். அதனால் அதை முதலில் செய்யுங்கள்.

ஒப்பந்தத்தில் "தகராறு வந்தால் மத்தியஸ்தம்" என்று ஒரு வரி இருக்கும், அதாவது நீதிமன்றத்துக்குப் பதில் ஒரு தனி நடுவர் தீர்ப்புச் சொல்வார் என்று. உடனே மனம் தளரவேண்டாம், நாட்டுக்கு நாடு இது மாறும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் அத்தகைய நிபந்தனையை வலுவாக ஆதரித்தது. அந்த வரி இருந்தாலும் நுகர்வோர் மன்றத்துக்குப் போகத் தடையில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது.

ஆதாரத்தில் எல்லோரும் சறுக்குவது ஸ்கிரீன்ஷாட்டில். தேதி தெரியாத, பாதியில் வெட்டிய படத்தை எதிர்த்தரப்பு எளிதில் மறுத்துவிடும். உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்யுங்கள், மூல மெயிலை அழிக்காதீர்கள், செய்தி வந்த போனை விற்காதீர்கள். போனில் பேசியதை அன்றே "இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

இவ்வளவும் கையில் இருந்தால் நோட்டீஸ் அனுப்பலாம். என்ன வாங்கினீர்கள், என்ன தவறு, எவ்வளவு வேண்டும், எத்தனை நாளுக்குள்? இவை போதும். 15 நாள் கொடுங்கள். திட்டவேண்டாம், இணையத்தில் "திருடர்கள்" என்று எழுதவும் வேண்டாம், அவதூறு வழக்குக்கு நீங்களே வழி திறந்துவிடுவீர்கள். பதிவு அலுவலக முகவரிக்கு, ஒப்புகை கிடைக்கும் வழியில் போகட்டும். பணம் தர வசதியுள்ள நிறுவனம் பல நேரம் இங்கேயே இறங்கிவரும்.

இறங்கிவரும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். பாதித் தொகையை நீட்டி "முழு மற்றும் இறுதித் தீர்வு" என்று கையெழுத்துக் கேட்பார்கள். போட்டால் மீதியைக் கேட்பது மிகக் கடினம். வழக்குப் போட்டபின் சமரசம் என்றால் நிபந்தனைகளை நீதிமன்ற உத்தரவாகவே பதியச் சொல்லுங்கள். பின்தேதியிட்ட செக்கை நம்பி வழக்கை வாபஸ் வாங்காதீர்கள், தொகை கணக்கில் ஏறிய பிறகே வாங்குங்கள்.